முதியோர்க்கு அளிப்பது ஊதியமா, உதவியா?

முதுமை மாந்தர் அனைவர்க்கும் பொதுவானது. அரசரும் ஆண்டியரும், கற்றோரும் கல்லாதோரும், நெடுநாள் வாழப்பெறின், ஒரு காலத்தில் கை தளர்ந்து கண் மங்கிப் பிறர் துணையை நாடியே தீர்வர். உழைத்த கை ஓய்ந்தபின் உணவு எங்கிருந்து வரும் என்னும் வினா, ஆதலின், யாரோ சிலர்க்கு மட்டும் உரிய வினாவன்று. இளமையின் செருக்கில் இன்று நாம் அதனைப் பொருட்படுத்தாதிருப்பினும், அது நம் ஒவ்வொருவருடைய வாயிலிலும் ஒருநாள் வந்து நிற்கும்.

முன்னாளில் இவ்வினாவுக்கு விடையாக நின்றது குடும்பம். பின்னர்ச் சமயச் சங்கங்களும் தருமசாலைகளும் அதற்குத் துணைபுரிந்தன. சென்ற நூற்றிருபது ஆண்டுகளாக அரசாங்கங்களும் அப்பொறுப்பில் ஒரு பங்கை ஏற்று வந்திருக்கின்றன. ஏற்ற நாள் முதலாக ஒரு வழக்கும் தீராமல் நடந்து வருகிறது. அரசாங்கம் முதுமைக்காக அளிக்கும் பணத்தை முதியோர் யாவர்க்கும் அளிப்பதா, அன்றித் தம் வறுமையை மெய்ப்பித்தோர்க்கு மட்டும் அளிப்பதா என்பதே அவ்வழக்கு. அதனை இங்கே சிறிது ஆராய முற்படுகின்றோம்.

நம் நாட்டு ஊரொன்றில் வாழும் முதியவர் இருவரை மனக்கண்முன் நிறுத்துவோம். ஒருவர் அரசாங்க அலுவலில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சொந்த வீடு உண்டு. நல்ல நிலையிலுள்ள பிள்ளைகளும் உளர். திங்கள்தோறும் அவர் கணக்கில் பணம் வந்து சேர்கிறது. அவர் செல்வரா வறியரா என்று ஒருவரும் வினவுவதில்லை. மற்றவர் ஐம்பது ஆண்டு பிறர் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் உழைத்தவர். அவர் மனு எழுதுவித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுக்கா அலுவலகத்திலும் பன்முறை நின்று, தமக்கு நிலமில்லை, பொருளில்லை, பேணுவாரில்லை என்று முறையிட வேண்டியவராகிறார். முன்னவர் தாம் உயிரோடிருப்பதைக் காட்டினால் போதும். பின்னவர் தாம் வறியராயிருப்பதையும் காட்டவேண்டும்.

இவ்வேற்றுமை நம் சொற்களிலேயே பதிந்து கிடக்கிறது. முன்னவர் பெறுவதற்கு 'ஓய்வூதியம்' என்று பெயர். பின்னவர் பெறுவதற்கு 'உதவித்தொகை' என்று பெயர். ஊதியம் என்பது உழைத்தவன் உரிமையாகப் பெறுவது. உதவி என்பது கொடுப்பவன் மனமிரங்கினால் பெறுவது. நம் பாட்டன்மார் அலுவலரின் பென்ஷனையும் 'உபகாரச் சம்பளம்' என்றே வழங்கினர். ஆயின் அஃது உபகாரமன்று, கருணையால் வீசியெறியப்படுவதன்று, செய்த பணிக்காகப் பெறும் உரிமையே என்று நம் உச்சநீதிமன்றம் 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் நகரா வழக்கில் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் அலுவலரைப் பொறுத்தமட்டில் 'உபகாரம்' மறைந்து 'சம்பளம்' நின்றது. உழவுத்தொழிலாளியைப் பொறுத்தமட்டில் சம்பளம் மறைந்து உபகாரமே நிற்கிறது.

மறுபக்கத்தார் கூறும் நியாயங்களை முதலில் செவ்வையாகக் கேட்டல் வேண்டும். அவை எளிதில் தள்ளத்தக்கனவல்ல. கருவூலத்திலுள்ள பொருள் அளவுடையது. பசித்தவனுக்கும் உண்டு நிறைந்தவனுக்கும் ஒரே அளவாகப் பங்கிடின், பசித்தவனுக்குக் கிடைப்பது குறையுமன்றோ? மாடிவீட்டாருக்கு வழங்கும் ஒவ்வொரு ரூபாயும் குடிசையாரிடமிருந்து பறித்த ரூபாயாகாதோ? பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது நம்மவர் பழமொழியுமாம்.

நம் போன்ற கல்லூரியில் பயில்வோர்க்கு இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரம், சபையின் ஆதரவு பெறும் விதவைகளின் பட்டியலைப்பற்றிப் பேசுகிறது. அறுபது வயதுக்குக் குறையாதவளாயிருத்தல் வேண்டும். நற்கிரியைகளால் அறியப்பட்டவளாயிருத்தல் வேண்டும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உளராயின் அவர்களே பேணிக்கொள்ளட்டும், சபையின்மேல் பாரம் விழவேண்டா என்பது அங்குள்ள ஒழுங்கு. வயது, நடத்தை, வறுமை என்னும் முச்சோதனைகளும் அங்கே ஒருங்கே காணப்படுகின்றன. பிற்காலத்து அரசாங்கங்கள் இயற்றிய சட்டங்களின் கருவை ஈண்டே காணலாம் என்றாலும் பொருந்தும்.

ஆயினும் அச்சபையின் நிலைமையை நோக்குக. அது சிறு கூட்டம்; ஒருவரையொருவர் முகமறிந்தோர் கூட்டம். அதன் பொருள் அன்பர் மனமுவந்து இட்ட காணிக்கை. வரியாகத் தண்டிய பணமன்று. பட்டியலெழுதியவர் அவ்விதவையின் வாசற்படியை நாள்தோறும் மிதித்தவர். அத்தகைய கூட்டத்திலும் பங்கீடு எளிதாயிருக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் விட்டுவிடப்பட்டனர் என்று கிரேக்க மொழியினர் முறுமுறுத்தமையும், அதனைத் தீர்க்க எழுவர் தெரிந்துகொள்ளப்பட்டமையும் கூறப்பட்டுள்ளன. சில ஆயிரவர் கொண்ட ஆதிச்சபையிலேயே பட்டியலிலிருந்து விடுபட்டோர் இருந்தனரெனின், கோடிக்கணக்கான மக்களுடைய நாட்டில் யாது நிகழும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நியூசிலாந்து 1898ஆம் ஆண்டில் முதியோர் பென்ஷன் சட்டமொன்றை இயற்றிற்று. அறுபத்தைந்து வயதினர்க்கு ஆண்டொன்றுக்கு 18 பவுன் அளிக்க அது வகைசெய்தது. ஆயின் வறியராயிருத்தல் வேண்டும், நன்னடத்தையராயிருத்தல் வேண்டும், ஆசியராயிருத்தல் கூடாது. பின்னர்ப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1908ஆம் ஆண்டில் தன் சட்டத்தை நிறைவேற்றியது. 1909 சனவரி முதல் நாளிலிருந்து எழுபது வயது கடந்தோர்க்கு வாரம் 5 ஷில்லிங் தபால் நிலையத்தில் வழங்கப்பெற்றது. ஆண்டு வருவாய் 21 பவுனுக்கு உட்பட்டோர்க்கே முழுத்தொகை. 31 பவுன் 10 ஷில்லிங்குக்கு மேற்பட்டோர்க்கு ஒன்றுமில்லை. வழக்கமாக வேலை செய்யாதிருந்தோரும் அண்மையில் சிறைசென்றோரும் விலக்கப்பட்டனர். இலண்டன் ஏழையரின் வாழ்க்கையை ஆராய்ந்து புகழ்பெற்ற சார்லஸ் பூத் என்பார், முதியோர் அனைவர்க்கும் வேறுபாடின்றிக் கொடுத்தலே நன்று என்று 1890களிலேயே வாதித்திருந்தார். செலவுக்கு அஞ்சி அவ்வாதத்தை ஏற்றிலர்.

குறையிருப்பினும் அச்சட்டம் பெருநன்மை புரிந்தது என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்னர் ஏழை முதியோர் பலர்க்கு இருந்த புகலிடம், வேலை வாங்கும் ஏழையர் விடுதியும் அதன் இழிவுமே. ஆயினும் வறுமையை அளந்து பார்க்கும் வழக்கம் எத்துணைத் துன்பம் விளைக்கும் என்பதை அந்நாட்டார் 1931க்குப் பின் நன்குணர்ந்தனர். அக்காலத்தில் வேலையிழந்தோர்க்கு உதவியளிக்குமுன், அவர் வீட்டிலுள்ள அனைவருடைய வருவாயும் கணக்கிடப்பட்டது. மகன் ஈட்டிய சில ஷில்லிங்குகள் தந்தையின் உதவியைக் குறைத்தன. அதனால் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் பிரிந்து தங்குவதும் நேர்ந்தது. அளப்பதற்காக வீட்டினுள் நுழைந்த அரசாங்கம் அவ்வீட்டையே பிளந்துவிட்டது. 1941ஆம் ஆண்டில் குடும்ப வருவாயை அளக்கும் அம்முறை நீக்கப்பட்டது. 1942 டிசம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் பிரபுவின் அறிக்கையின் வழியே 1946ஆம் ஆண்டுச் சட்டமும் பிறந்தது. 1948 சூலை 5ஆம் நாள் முதல் அச்சட்டத்தின்படி, தவணைப்பணம் செலுத்தினோர் தம் வறுமையைக் காட்டாமலே முதுமைப் பணம் பெற்றனர். அத்தொகை பலர்க்குப் போதாமையின் வறியோர்க்கென வேறு உதவியும் உடனிருந்தது என்பதையும் மறைத்தலாகாது.

பழங்கதை இது என்று கருதவேண்டா. பிரிட்டனில் முதியோர்க்குக் குளிர்காய எரிபொருட் செலவுக்கென ஒரு தொகை 1997ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய எல்லோர்க்கும் வழங்கப்பட்டு வந்தது. 2024 சூலையில், கருவூலத்தின் முடையைக் கூறி, வறியோர்க்குரிய வேறோர் உதவியைப் பெறுவோர்க்கே அஃது இனி உரியது என்று நிதியமைச்சர் ஆணையிட்டார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதனை இழந்தனர். இழந்தோர் அனைவரும் செல்வரல்லர். அவ்வேறுதவிக்கு உரியராயிருந்தும், படிவத்தின் நீளத்துக்கு அஞ்சியும் நாணியும் அறியாமலும் அதனைக் கேளாதிருந்த குடும்பங்கள் பல லட்சம் இருந்தன. கூக்குரல் எழுந்தது. 2025 சூனில் அவ்வாணை மாற்றப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் முதியோர் யாவர்க்கும் தொகை வழங்கி, ஆண்டு வருவாய் 35,000 பவுனுக்கு மேற்பட்டோரிடமிருந்து மட்டும் வரிவழியே திரும்பப் பெறுவது என்று முடிவாயிற்று. நம் ஆராய்ச்சிக்குத் தலையாய பாடம் இதுவே. ஏழையை நிறுத்தி 'நீ ஏழைதானா?' என்று வினவுவதினும், செல்வரிடமிருந்து பின்னர்த் திரும்பப் பெறுதல் எளிது, பிழையும் குறைவு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அன்றைய சென்னை இராஜ்யத்தில் 1962 ஏப்ரல் முதல் நாள், ஆதரவற்ற முதியோர்க்குத் திங்கள் 20 ரூபாய் அளிக்கும் திட்டம் தொடங்கிற்று. மத்திய அரசாங்கம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள், அறுபத்தைந்து வயது கடந்த ஆதரவற்றோர்க்குத் திங்கள் 75 ரூபாய் அளிக்க முன்வந்தது. 2007ஆம் ஆண்டில் அது வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் அனைவர்க்கும் விரிக்கப்பட்டது. 2011இல் வயது அறுபதாகக் குறைக்கப்பட்டது. ஆயின் அக்கோட்டுக்குக் கீழுள்ளோர் யாவர்? 2002ஆம் ஆண்டையொட்டி எடுத்த பட்டியலில் பெயர் கண்டோர். பட்டியலெடுத்த நாளில் திடகாத்திரராயிருந்து பின்னர் நோயால் வீழ்ந்தவரும், அன்று கணவனோடு வாழ்ந்து பின்னர்க் கைம்மையுற்றவளும் அதில் எங்ஙனம் இடம்பெறுவர்? 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியாவில் அறுபது வயதினர் பத்துக்கோடிக்கு மேற்பட்டிருந்தனர். மத்திய அரசாங்கத்தின் முதியோர் திட்டமோ ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேரளவில் நின்றது. எஞ்சியோர் அனைவரும் வளமுடையோர் என்று எவரே துணிந்து கூறுவர்?

வறுமையை அளப்பதில் மூவகைத் தீங்கு உண்டென்பது நம் கருத்து. முதலாவது, மிக வறியவரே மிகுதியும் விடுபடுவர். சான்றுகளைத் திரட்ட எழுத்தறிவு வேண்டும், பன்முறை அலையக் கூலியிழப்பைத் தாங்கும் வலி வேண்டும், பரிந்துரைப்பார் வேண்டும். இவை யாவும் உடையவர் மிக வறியராதல் அரிது. இரண்டாவது, சிக்கனமும் குடும்ப அன்பும் தண்டனை பெறுகின்றன. உண்ணாமல் மிகுத்து அரையேக்கர் வாங்கியவர் நிலமுடையோராய் விலக்கப்படலாம். மகன் இருக்கிறான் என்னும் காரணத்தால் தாயின் மனு தள்ளப்படலாம். மகன் இருத்தல் வேறு, மகன் சோறிடுதல் வேறு. பெற்றோரைப் பேணாத மக்களைப் பேணும்படி செய்வதற்கென்றே நம் பார்லிமெண்டு 2007ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்ததன்றோ? ஒரு சட்டம் மகனை நம்பி மனுவைத் தள்ள, மற்றொரு சட்டம் மகனை நம்பாமல் தீர்ப்பாயம் அமைக்கிறது.

மூன்றாவது தீங்கு மெல்ல விளைவது. ஆயினும் மிகப் பெரிது. ஏழையர்க்கு மட்டுமே உரியதாய் ஒதுக்கப்பட்ட பொருள், காலப்போக்கில் ஏழைப்பொருளாகவே மெலிந்துவிடும். மத்திய அரசாங்கம் தன் பங்கை 2006ஆம் ஆண்டில் 200 ரூபாயாக்கிற்று. எண்பது வயதுக்கு உட்பட்டோர்க்கு அதன்பின் அஃது உயரவேயில்லை. இடைக்காலத்தில் அரிசியும் எண்ணெயும் மருந்தும் எத்துணை விலையேறின என்பதை இல்லத்தரசியர் அறிவர். அரசாங்க அலுவலில் ஓய்வு பெற்றோர்க்கோ, விலைவாசிக்கேற்ப ஆண்டிற்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. அதனை நாம் குறைகூறவில்லை, அது முறையே. அவர்க்குச் சங்கமுண்டு, எழுத்துண்டு, நீதிமன்றமேறும் வன்மையுண்டு. வயலில் ஓய்ந்தவர்க்கு இவற்றுள் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டரசு தன் பொருளைச் சேர்த்து 2011இல் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது பாராட்டத்தக்கது. ஆயினும் அது பெறுவோர்க்கு உரிமையாய் வந்ததன்று, கொடுப்போரின் மனம்போல் வந்ததே.

'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்னும் பழமொழிக்கு இங்கே விடை கூறுவோம். அது பிச்சையைப்பற்றிய பழமொழி, கடனைப்பற்றியதன்று. கடனைத் திருப்பிக் கொடுப்பவன், கொடுத்தவன் பசித்திருக்கிறானா என்று பார்த்துக் கொடுப்பதில்லை. நாட்டின் களஞ்சியத்தை நிரப்பியவர்க்கும் பாட்டை சமைத்தவர்க்கும் நாடு கடன்பட்டிருக்கிறது. அவர் வாங்கிய உப்பிலும் தீப்பெட்டியிலும் துணியிலும் வெவ்வேறு காலங்களில் வரி தண்டப்பட்டதுண்டு. ஆங்கிலப் பேரறிஞர் ஜான் ரஸ்கின், 1862இல் நூலாக வெளிவந்த தம் கட்டுரைகளின் முன்னுரையில் இக்கருத்தை வற்புறுத்தியுள்ளார். உயர்ந்தோர் தம் நாட்டினிடம் பென்ஷன் பெறுவது எவ்வளவு இயல்போ, அவ்வளவு இயல்பாகத் தொழிலாளியும் தன் ஊரினிடம் அதனைப் பெறவேண்டும் என்பது அவர் துணிபு. அந்நூலின் பெயர், திராட்சத்தோட்டத்தில் பிந்திவந்த கூலியாளுக்கும் முழுக்கூலி அளித்த எசமானைப்பற்றிய உவமையினின்று எடுத்ததாகும். காந்தியடிகள் 1904இல் அதனைப் படித்து மனமாறி, 1908ஆம் ஆண்டில் 'சர்வோதயம்' என்னும் பெயரால் குசராத்தியில் அதன் சாரத்தை வெளியிட்டார். பிரிட்டன் ஏழையரை அளந்து பென்ஷன் வகுத்த ஆண்டும் அதுவே.

செலவு மிகுமே என்பார்க்கு இரு சான்றுகள் காட்டுவோம். நியூசிலாந்து 1977ஆம் ஆண்டில் வறுமைச் சோதனையை நீக்கிற்று. 1985 முதல் 1998 வரை வளமுடையோரிடம் ஒரு மேல்வரியால் சிறிது திரும்பப் பெற்றது. பின்னர் அதனையும் விட்டது. அது செல்வநாடு என்று கூறின், நம் அண்டைநாடான நேபாளத்தை நோக்குக. நம்மினும் வறிய அந்நாடு, 1995ஆம் ஆண்டில் எழுபத்தைந்து வயது கடந்த குடிமக்களுக்குத் திங்கள் 100 ரூபாய் அளிக்கத் தொடங்கியது. தொகை சிறிது, வயதும் உயர்ந்தது, ஆயின் வறுமைச் சோதனையில்லை. பின்னர் வயதைச் சிறிது சிறிதாய்க் குறைத்துத் தொகையை உயர்த்தி வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான ஒன்றைக் காண்கிறோம். மத்திய அரசாங்கம் 1997இல் பங்கீட்டு அரிசியை வறியோர்க்கென வேறுபிரித்தபோது, நம் மாநிலம் பொதுவினியோகத்தைப் பொதுவாகவே வைத்துக்கொண்டது. அதனால் செல்வரெல்லாம் ரேஷன் கடையில் வரிசையில் நின்றாரல்லர். வேண்டாதார் தாமே விலகினர். வேண்டியவரைத் தள்ளுவோர் இலர்.

ஆதலின் நாம் வேண்டுவது இது. வயதே உரிமைக்குப் போதிய சான்றாகுக. கருவூலம் இடங்கொடாதவரை எவரையேனும் விலக்கத்தான் வேண்டுமெனின், அரசாங்க ஓய்வூதியம் பெறுவோரையும் பெருவருமான வரி செலுத்துவோரையும் விலக்குக. அவர் பெயர்கள் அரசாங்கத்தின் கணக்கிலேயே உள்ளன. எவரையும் வாயிலில் நிறுத்தி வினவவேண்டியதில்லை. இதுவும் ஒரு சோதனைதானே என்பாருளர். உண்மையே, ஆயின் இச்சோதனையின் சுமை செல்வர்மேல் ஏறுகிறது. பிழை நேரின் செல்வர் ஒருவர் சில நூறு ரூபாய் மிகையாகப் பெறுவார். இன்றைய முறையிலோ, பிழை நேரின் ஒரு கிழவி பட்டினி கிடப்பாள். இவ்விரு பிழைகளுள் எதனைப் பொறுப்பது என்பதே முடிவான வினா. தொகை விலைவாசியோடு உயருமாறு சட்டம் செய்தலும் வேண்டும்.

மாணாக்கர்க்கு ஒரு சொல். நும்முள் சிலர் நாளை தாசில்தாராகவும் அதனினும் உயர்ந்த அலுவலராகவும் அமர்வீர். நும் மேசையின் முன் நடுங்கும் கையால் மனுவை நீட்டி நிற்பவரை நோக்கும்போது, சட்டம் இன்று கூறுவதைச் செய்வது நும் கடமை. அச்சட்டத்தை எழுத நுமக்கு உரிமையில்லை. ஆயினும் அவருக்கு ஒரு நாற்காலி கொடுக்கலாம். மனுவைத் தள்ளுமுன் அவர் இல்லத்தை ஒருமுறை சென்று காணலாம். மற்றோர் யாவரும் வாக்குரிமையுடையோர். சட்டம் எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்று கூறும் உரிமை நுமக்குண்டு. நம் தந்தையர் ஓய்வு பெறும் நாளில் எதனை ஊதியம் என்று தலைநிமிர்ந்து வாங்குகின்றனரோ, அதனை நம் வயலில் உழைத்தவரும் ஊதியம் என்றே தலைநிமிர்ந்து வாங்குமாறு செய்வோமாக.